தாய்மாமன் வண்டி

அத்தியாயம் 14

எம்.ரெட்டியபட்டிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் சுப்புராஜின் பிக்கப் வண்டி இரண்டாவது தடவையாக நின்றுபோனது. போன வாரம் அவனை அந்த வேலிக்கருவை ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டு நாம் வந்துவிட்டோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறான்.

மணி பத்தரை. வண்டியின் பின்னால் தாய்மாமன் சீர் இருந்தது. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, ஒரு தார் வாழைப்பழம், பட்டுப்பாவாடை, துணி போட்டு மூடிய இருபத்தோரு தாம்பாளம், கழுத்தில் மாலையோடு இரண்டு கிடாய்கள், கிடாய்களுக்குக் காவலாக பக்கத்து வீட்டு மொக்கையன். முன்னால் சுப்புராஜும் அவன் மனைவி ஈஸ்வரியும்.

சுப்புராஜின் தங்கை தங்கலட்சுமியின் மகள் சண்முகவடிவுக்கு இன்றைக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலுக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். அதற்குள் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாக வேண்டும். அவன் வந்து சேராவிட்டால் தங்கலட்சுமிக்குப் பங்காளி முறையில் அண்ணனாகிற ஒருவனை உட்காரவைத்துக் குத்திவிடுவார்கள். நல்ல நேரம் யாருக்காகவும் காத்திருக்காது.

வேறு ஒரு நாளாக இருந்தால், வண்டி ரிப்பேர் என்று சொன்னால் சொந்தபந்தம் ஒத்துக்கொள்ளும். இன்றைக்கு ஒத்துக்கொள்ளாது. வேண்டுமென்றே வராமல் இருந்துவிட்டான் என்றுதான் சொல்லும். அப்படிச் சொல்வதற்கு அவனே காரணமும் கொடுத்து வைத்திருந்தான்.

இந்த வண்டியை இரண்டு வருஷமாக ஓட்டியது தங்கலட்சுமியின் புருஷன் மாரிச்செல்வம். பருத்தி, வெங்காயம், சிமெண்டு என்று எந்த லோடும் அவன் கையில் பத்திரமாகப் போய்ச் சேரும். சித்திரையிலிருந்துதான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று இழுவை குறையும், இருமும், நின்றுவிடும். மாரிச்செல்வம் போன் போடுவான். சுப்புராஜ் தனக்கு நம்பிக்கையான பங்க்கில் ஒரு கேன் டீசல் வாங்கிக்கொண்டு பைக்கில் போவான். டேங்கில் ஊற்றுவான். வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஒரு தடவை இல்லை, நாலு தடவை இப்படி. சுப்புராஜ் கணக்குப் போட்டான். நான் ஊற்றினால் ஓடுகிறது, அவன் ஊற்றினால் நிற்கிறது. அப்படியானால் அவன் நல்ல டீசலை உறிஞ்சி விற்றுவிட்டுக் கண்டதையும் கலந்து ஊற்றுகிறான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, சுப்புராஜ் பிடித்த முயலுக்கு அந்த மூன்று கால்கூடக் கிடையாது.

போன மாதம் பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில், டீக்கடைக் கூட்டத்துக்கு நடுவில், தங்கச்சி மாப்பிள்ளையின் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியைப் பிடுங்கினான். "டீசல் திருடிக் குடிக்கிறவனுக்கு எதுக்குய்யா வண்டி" என்றான். மாரிச்செல்வம் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து டேங்கு மூடியின் சாவி சுப்புராஜின் இடுப்பில், அரைஞாண் கயிற்றில்தான் தொங்குகிறது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. பார்த்தாயா என்று ஊரெல்லாம் சொன்னான். இன்றைக்கு, அவனே ஓட்ட, அவனே வாங்கி ஊற்றிய டீசலில், நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டது.

"கண்ணு பட்டுருச்சு மொதலாளி" என்றான் மொக்கையன், கிடாயின் கொம்பைப் பிடித்தபடி. "கெளம்பும்போது அந்தப் பெத்தம்மா கெழவி வண்டியவே வச்ச கண்ணு வாங்காமப் பாத்துச்சு. ஒரு எலுமிச்சம்பழம் இருந்தா சுத்திப் போட்டுருவேன்."

"சும்மா கெட."

சுப்புராஜ் மறுபடி சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் எடுக்கவில்லை. முதல் தடவை நின்றபோது இருபது நிமிஷம் விட்டுத் திருப்பியதும் எடுத்துக்கொண்டது. ரெண்டு கிலோமீட்டர் ஓடி இங்கே வந்து படுத்துவிட்டது.

"ஏங்க, ஷேர் ஆட்டோ வந்தா நாம மட்டுமாவது ஏறிப் போயிருவோம். தோடு எங்கிட்டதான இருக்கு" என்றாள் ஈஸ்வரி.

"சீர் இல்லாம வெறுங்கைய வீசிக்கிட்டு நான் போய் எறங்கவா? அவன் மூஞ்சியில முழிக்கவா?"

ஈஸ்வரி போனைப் பார்த்தாள். வேலிக்கருவை நிழலுக்குப் போய் நின்று அரைமணி நேரத்துக்கு முன்னாலேயே ஒரு போன் பேசிவிட்டிருந்தாள். யாரிடம் பேசினாள் என்பது இப்போது ரோட்டின் கோடியில் தெரிந்தது. ஒரு ஸ்கூட்டர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவள் அரக்குப் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தலை நிறைய மல்லிகை. காலுக்கிடையில் ஒரு ரெக்ஸின் பை.

சுப்புராஜுக்கு முகம் சுண்டிப்போனது. வந்தவள் துர்காதேவி, மாரிச்செல்வத்தின் கூடப்பிறந்த அக்காள்.

துர்காதேவியை அருப்புக்கோட்டைப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்துப் பிழைத்தவர்கள். இவள் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படிக்கப் போனபோது வகுப்பில் இவள் ஒருத்திதான் பெண். இன்றைக்கு மில்லின் மூன்று பெரிய ஜெனரேட்டர்களும் இவள் பொறுப்பு. கரண்டு போய் ஜெனரேட்டர் எடுக்கவில்லை என்றால் மேனேஜரே வெளியே வந்து இவள் வருகிறாளா என்று வழி பார்ப்பார் என்று சொல்லிக்கொள்வார்கள். சுப்புராஜும் அதையெல்லாம் கேட்டிருக்கிறான். பொம்பளைப் பிள்ளை என்பதால் கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தான்.

முறைப்படி அவள் அவனை மச்சான் என்று கூப்பிடவேண்டும். போன மாதம்வரை அப்படித்தான் கூப்பிட்டாள். இன்றைக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "மணி பத்து நாப்பது ஆகுது. பிள்ளைக்கு மொட்ட அடிச்சு முடிச்சாச்சு. உங்களத்தான் எதிர்பாத்து இருக்காக" என்றாள். மச்சானைக் காணோம்.

"யாரு கூப்டா ஒன்ன?" என்றான் சுப்புராஜ்.

"பிள்ளைக்குத் தாய்மாமன் வேணும். அதுக்காக வந்தேன். உங்களுக்காக வரல." அவள் பையிலிருந்து ஒரு பழைய முழுக்கைச் சட்டையை எடுத்துப் பட்டுச்சேலைக்கு மேலே போட்டுக்கொண்டாள், காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் போட்டுக்கொள்வதைப்போல. முந்தானையை இழுத்துச் செருகினாள். "பானெட்ட இப்பத் தொறக்க வேணாம். மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க."

இதுவரை இந்த வண்டியை மூன்று மெக்கானிக்குகள் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் வந்ததும் வராததுமாக பானெட்டைத்தான் திறந்தார்கள். கேள்வி கேட்டவர் ஒருவரும் இல்லை.

"நிக்கும்போது டக்குன்னு நிக்குமா, தெணறி நிக்குமா?"

"தெணறித்தான். ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க இழுவை இருக்காது. குலுங்கும். பெறகு நின்னுரும்."

"டக்குன்னு நின்னா ஒயரு. தெணறி நின்னா டீசல்." அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஹீட்டு முள்ளு ஏறுமா?"

"ஏறாது."

"எத்தன கிலோமீட்டர்ல நிக்கும்?"

சுப்புராஜ் யோசித்தான். இதை அவன் என்றைக்குமே யோசித்ததில்லை. "ஒரு நாளைக்கு நாப்பதுல நிக்கும். ஒரு நாளைக்கு இருவதுல."

"இன்னைக்கு?"

"இருவது கூட ஆகல."

"டேங்குல எம்புட்டு இருக்கு?"

"ஃபுல்லு. நேத்து சாயந்தரம் கழுத்து வர ஊத்துனேன்."

அவள் புருவம் லேசாக நெளிந்தது. அந்தப் பதில் அவளுக்கு எதையோ சொல்லிவிட்டது என்பது மட்டும் சுப்புராஜுக்குப் புரிந்தது, எதைச் சொன்னது என்று புரியவில்லை. "இதுவரைக்கும் என்னென்ன மாத்துனாக?"

டீசல் பில்டர் இரண்டு தடவை மாற்றியது, பம்பைக் கழற்றிப் பார்த்தது, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரை மதுரைக்குக் கொடுத்தனுப்பிச் சரிபார்த்து வாங்கியது, எல்லாவற்றையும் சொன்னான். கடைசியாகப் பார்த்த மெக்கானிக் இன்ஜினையே இறக்கவேண்டும் என்று சொன்னதையும் சொன்னான்.

"இன்ஜின எறக்குறதுக்கு முன்னாடி வண்டிய ஓட்டிப் பாத்தாரா?"

"கடையில வச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாரு. அங்க நல்லாத்தான் ஓடுச்சு."

"கடையில நல்லாத்தான் ஓடும்" என்றாள் துர்காதேவி. "அண்ணே, மொக்கையண்ணே, எறங்கி வாங்க. சைலன்சருக்குப் பின்னாடி நின்னு, பொகை வருதான்னு மட்டும் பாருங்க. ஈஸ்வரி, நீ சாவியத் திருப்பு."

மொக்கையன் கிடாய்களை அண்டாவின் காதில் கட்டிவிட்டு இறங்கினான். சைலன்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைக் காட்டினான். ஈஸ்வரி சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் கரகரவென்று சுற்றியது.

"காத்து வருது. பொகை இல்ல" என்றான் மொக்கையன்.

"வெள்ளப் பொகை கூட இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல தாயி."

"அப்ப இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல. அது பசியில கெடக்கு. எரிக்கிறதுக்கு டீசலே போய்ச் சேரல." அதற்குப் பிறகுதான் அவள் பானெட்டைத் திறந்தாள்.

சுப்புராஜ் பக்கத்தில் போய் நின்றான். அவள் கை வேலை செய்வதைப் பார்க்காமல் இருக்க நினைத்தும் முடியவில்லை. ஒரு அசைவு வீண் கிடையாது. பில்டர் தலையில் இருந்த சின்ன போல்ட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் அரைச்சுற்றுத் தளர்த்தினாள். டீசலைக் கையாலேயே அழுத்தி ஏற்றுகிற பம்பைக் கட்டைவிரலால் அமுக்கினாள். அமுங்கியது, திரும்ப மேலே எழவில்லை. நான்கு விரல்களை வைத்து இழுத்துப் பார்த்தாள். அப்போதும் எழவில்லை.

"இங்க பாருங்க." அவள் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்துச் சொன்னாள். "நம்ம பிள்ளைக எளநிய உறிஞ்சும்போது ஸ்ட்ரா அடச்சுக்கிட்டா கன்னம் உள்ள போகும்ல, அதுதான் இது. பம்பு உறிஞ்சுது. பின்னாடி இருந்து யாரோ பிடிச்சு இழுக்குறாக. பில்டருல இருந்து டேங்கு வரைக்குந்தான் இனிப் பாக்கணும். இன்ஜினுக்குள்ள கையே வைக்க வேண்டியதில்ல."

மூன்று மெக்கானிக்குகளும் மூன்று மாதமாகத் தேடிய இடத்தை அவள் பத்து நிமிஷத்தில் பாதியாகக் குறுக்கிவிட்டாள். இப்படி ஒருத்தி கூப்பிடு தூரத்தில் இருக்க, அவளிடம் வாய்விட்டுக் கேட்க ரோசம் இடம் கொடுக்கவில்லையே என்று முதல்முறையாக சுப்புராஜுக்கு உறைத்தது.

அவள் பட்டுச்சேலையோடு ரோட்டோரத்துப் புழுதியில் குனிந்தாள். டீசல் பைப்பை விரலால் தடவிக்கொண்டே பின்பக்கம் போனாள். மடங்கியிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று விரல்தான் பார்த்தது. பைப்பில் குறை இல்லை. டேங்கு வந்ததும் நின்றாள். கருப்பு பிளாஸ்டிக் டேங்கு. அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு காதை வைத்தாள்.

"மொக்கையண்ணே, இந்த டேங்க எப்பவும் இப்படித்தான் ஒடுங்கி இருக்குமா?"

மொக்கையன் எட்டிப் பார்த்தான். "அட, ஆமா. ரெண்டு நாள் பட்டினி கெடந்த ஆட்டு வயிறு மாதிரில்ல உள்ள போயிருக்கு. ஃபுல் டேங்குன்னு சொன்னாக."

துர்காதேவி எழுந்தாள். கைக் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஐந்து. "டேங்கு சாவியக் குடுங்க."

சுப்புராஜின் கை இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது. இவள் தம்பியைத் திருடன் என்று சொல்லித்தான் இந்தச் சாவியை இடுப்பில் கட்டினான். அதை இவளிடமே அவிழ்த்துக் கொடுக்கவேண்டும். ஈஸ்வரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கிடாய் ஒன்று கத்தியது.

அவன் வேட்டி மடிப்பை விலக்கி, அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தான்.

மூடியைத் திருகியதும் அது வரவில்லை. உள்ளே இருந்து யாரோ இழுத்துப் பிடித்ததைப்போல ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் திருகினாள். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. வெளியில் இருந்த காற்றையெல்லாம் டேங்கு ஒரே மூச்சில் குடித்தது. பிறகு டொக்கென்று ஒடுங்கிய வயிறு நேரானது. மொக்கையன் இரண்டடி பின்னால் போய்விட்டான்.

"ஈஸ்வரி, அந்தப் பம்ப அமுக்கு."

ஈஸ்வரி ஓடிப்போய் அமுக்கினாள். அமுங்கிய பம்பு இப்போது தானே எழுந்தது. போல்ட் இடுக்கில் முதலில் நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல் வந்தது. துர்காதேவி போல்ட்டை இறுக்கினாள். சாவியைத் திருப்பியதும் இரண்டாவது சுற்றில் இன்ஜின் எடுத்துக்கொண்டு சீராக ஓடியது.

மொக்கையன் கையெடுத்துக் கும்பிட்டான். யாரைக் கும்பிட்டான் என்பதை அவன் சொல்லவில்லை.

"நேரமாச்சு, ஏறுங்க" என்று அவசரப்பட்டான் சுப்புராஜ்.

"இருங்க. இப்படியே போனா மறுபடியும் நிக்கும்." அவள் மூடியைத் துடைக்காமல் அப்படியே அவன் கையில் வைத்தாள். "இந்த மூடியில காத்து போறதுக்கு ஒரு பொடி ஓட்டை இருக்கணும். டீசல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். வரலன்னா டேங்கு டீசல விடாது. ஊதிப் பாருங்க."

சுப்புராஜ் மூடியைத் திருப்பி வாயில் வைத்து ஊதினான். கன்னம் உப்பியது, காது அடைத்தது, காற்று போகவில்லை.

மூடியை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தான். அதன் மேல்பாகம் முழுக்க மஞ்சளாக, பொருக்காக, காய்ந்த சந்தனம் விரல்கடைத் தடிமனுக்கு இருந்தது. நடுவில் குங்குமம். சாவி போடுகிற இடத்தை மட்டும் சாவியே சுரண்டி வைத்திருந்தது.

அது அவன் பூசிய சந்தனம். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் வண்டி கண்மாய்க்கரையில் சரிந்து கவிழப் பார்த்து, ஒரு வேலிக்கருவை மரத்தில் தட்டி நின்றது. அன்றைக்கு வேண்டிக்கொண்டான். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் விடியலில் வண்டிக்குச் சந்தனக்காப்பு. மற்றவர்கள் ஒரு பொட்டு வைப்பார்கள். சுப்புராஜ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. விளக்குக்கு, சக்கரத்துக்கு, ஸ்டீயரிங்குக்கு, டேங்கு மூடிக்கு என்று சாமிக்குப் பூசுவதைப்போலக் குழைத்துக் குழைத்துப் பூசினான். பழைய சந்தனத்தைக் கழுவினால் தெய்வக் குத்தமாகிவிடும் என்று அதன் மேலேயே பூசினான்.

"ஈஸ்வரி, ஒரு ஊக்குக் குடு" என்றாள் துர்காதேவி.

ஈஸ்வரி வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். துர்காதேவி சந்தனத்துக்கு அடியில் ஓட்டை இருக்கும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்துக் குத்தினாள். பொடி உதிர்ந்தது. ஊதினாள். போயிற்று.

"மொட்டையடிச்சு உக்காந்திருக்கிற பிள்ளைக்கு முந்தி இதுக்குக் காது குத்தியாச்சு" என்றான் மொக்கையன். சுப்புராஜ் வெயிலில் நின்றபடி கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் கேன்ல கொண்டுபோய் ஊத்துனதும் ஓடுச்சே" என்றான் மெதுவாக.

"எப்படி ஊத்துனீங்க?"

"மூடியத் தொறந்து..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"நீங்க டீசல் ஊத்தாம சும்மா மூடியத் தொறந்து மூடியிருந்தாலும் ஓடியிருக்கும்." அவள் குரலில் இப்போது சூடு இல்லை. அதுதான் அவனுக்கு அதிகமாகச் சுட்டது. "இந்த ஒரு மாசமா ஏன் நிக்கலன்னு தெரியுமா? தெனமும் காலையும் சாயந்தரமும் மூடியத் தொறந்து குச்சி விட்டு அளந்து பாத்தீகளாமே, டீசல் கொறஞ்சிருக்கான்னு. ஈஸ்வரி சொன்னா. நீங்க சந்தேகப்பட்டுத் தொறந்து தொறந்துதான் வண்டி மூச்சு விட்டுச்சு. நேத்து ஃபுல் டேங்கு போட்டுப் பூட்டிட்டீக. டேங்கு நெறஞ்சு இருந்தா உள்ள காத்துக்கு எடமே கெடையாது, சீக்கிரமே நின்னுரும். எந்தம்பி நல்ல டிரைவரு. லோடு எடுக்கப் போகும்போதெல்லாம் டேங்க நெறச்சுக்கிட்டுத்தான் போவான்."

ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. சுப்புராஜ் முகத்தில் விழுந்த புழுதியைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. அவன் சொல்லித் தூற்றிய அதே நாலு சங்கதிகளை வைத்துக்கொண்டு, ஒரு கேள்விகூட வீணாக்காமல், ஒருவரையும் திட்டாமல், இந்தப் பெண் உண்மையைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவன் மெய்யாகவே அசந்துபோயிருந்தான்.

"துர்கா" என்றான். "நீ அந்த மூடியத் தொறக்கும்போதே ஒனக்குத் தெரிஞ்சிருச்சா, என் தப்புத்தான்னு?"

"டேங்கு ஃபுல்லுன்னு சொன்னீகள்ல, அப்பவே பாதி தெரிஞ்சிருச்சு." அவள் சட்டையைக் கழற்றி மடித்தாள். "தப்பு யாருதுன்னு தேடி நான் வரல. வண்டி ஏன் நிக்குதுன்னுதான் தேடுனேன். ரெண்டுக்கும் வேற வேற வழி. வெரசா ஏறுங்க மச்சான், மணி பதினொண்ணே கால்."

மச்சான் திரும்பி வந்திருந்ததை சுப்புராஜ் கவனித்தான். ஈஸ்வரியும் கவனித்தாள்.

மீதிப் பன்னிரண்டு கிலோமீட்டரும் வண்டி ஒருமுறைகூட இருமவில்லை. ஸ்கூட்டர் முன்னால் போக, பிக்கப் பின்னால் போயிற்று. எம்.ரெட்டியபட்டி தாண்டியதும் சுப்புராஜ் ஈஸ்வரியிடம், "தாம்பாளம் இருவத்தொண்ணுதான?" என்று கேட்டான்.

"ஆமா. ஏன்?"

"இன்னும் ரெண்டு வேணும். ஒத்தப்படையா இருக்கணும்ல. வெத்தல பாக்கப் பிரிச்சு ஒண்ணுல வை. இன்னொண்ணு சும்மா இருக்கட்டும்."

கோயில் வாசலில் மேளம் காத்திருந்தது. மணி பதினொன்று முப்பத்தெட்டு. தாய்மாமன் வந்துவிட்டான் என்று ஒரு சத்தம் எழும்பிப் பந்தல் முழுக்க ஓடியது. தாம்பாளங்களை ஆளுக்கொன்றாகத் தூக்கினார்கள். சுப்புராஜ் எல்லோருக்கும் முன்னால் நடந்தான். அவன் கையில் இருந்தது இருபத்து மூன்றாவது தாம்பாளம். அதில் பட்டுமில்லை, பழமுமில்லை. அப்போதுதான் கழற்றிய, சந்தனம் அப்பிய ஒரு டேங்கு மூடியும் ஒரு சாவிக்கொத்தும் இருந்தன. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாரிச்செல்வம் வேப்பமரத்தடியில், மொட்டைத் தலையோடு இருந்த மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். சுப்புராஜ் அவனுக்கு நேரே போய் நின்றான். மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினான். மேளம் நின்றது.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றான். "போன மாசம் பஸ் ஸ்டாப்புல அம்புட்டு ஜனத்துக்கு நடுவுல எங்க மாப்ளய டீசல் திருடுனான்னு சொன்னேன். அது பொய். வண்டி நின்னது நான் பூசுன சந்தனத்தால. மூடியில ஓட்டைய அடச்சது நாந்தான். அவுக அக்காதான் இன்னைக்குக் கண்டுபிடிச்சுச் சொல்லுச்சு. அந்தப் பிள்ளை அறிவுக்கு முன்னாடி நான் ஒண்ணுமே இல்ல. பஸ் ஸ்டாப்புல இருந்தவுகளுக்கும் நானே போய்ச் சொல்லிருவேன்." தாம்பாளத்தை நீட்டினான். "டேங்குச் சாவி, வண்டிச் சாவி, ரெண்டும் இருக்கு மாப்ள. பழையபடி நீயே வச்சுக்க."

மாரிச்செல்வம் பிள்ளையைத் தங்கலட்சுமியிடம் கொடுத்தான். மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். வாயில் வைத்து ஊதினான். காற்று போயிற்று.

"இப்பச் சரியா இருக்கு மச்சான்" என்றான். மூடியை மட்டும் எடுத்துக்கொண்டான். சாவிகள் தாம்பாளத்திலேயே கிடந்தன. "டேங்கு தொறந்து கெடந்தா தூசி விழும். நான் போய்ப் போட்டுட்டு வாரேன். நீங்க உக்காருங்க, நேரம் போகுது."

ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். சுப்புராஜ் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சண்முகவடிவு அவன் மடியில் வந்தாள். சந்தனம் பூசிய சின்ன மொட்டைத் தலை அவன் நெஞ்சில் சாய்ந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. வலது காது, இடது காது. பிள்ளை வீரிட்டது. அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை. கை இரண்டும் பிள்ளையைப் பிடித்திருந்தன.

தங்கலட்சுமி மகளின் கன்னத்தைத் துடைக்கக் குனிந்தாள். அண்ணனின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அண்ணே, நீ பேசுனது எனக்குப் போதும். ஆனா அவுக திருப்பூர்ல ஒரு லாரி ஓட்டுறதுக்கு வாக்குக் குடுத்துட்டாக. மத்தியானம் ரெண்டு மணிக்கு பஸ்ஸு. பிள்ளைக்குக் காது குத்துறத மட்டும் பாத்துட்டுப் போறேன்னாக. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருந்தாக."

சுப்புராஜ் நிமிர்ந்தான். பந்தலுக்கு வெளியே, பிக்கப் பக்கத்தில், மாரிச்செல்வம் டேங்கு மூடியை வெறுங்கையால் திருகி இறுக்கிக்கொண்டிருந்தான். இறுக்கிவிட்டு, சக்கரத்தில் ஒட்டியிருந்த பழைய சந்தனத்தை நகத்தால் கொஞ்சம் சுரண்டினான். வண்டியின் கதவை ஒருமுறை தட்டிக்கொடுத்தான். பிறகு வேப்பமரத்தடிக்கு வந்து ஒரு பையை எடுத்துத் தோளில் போட்டான்.

அவனைக் கூப்பிடவேண்டும். எழுந்து ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டும். ஆனால் பிள்ளை அழுகையை நிறுத்துகிறவரை மடியிலிருந்து இறக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் தாய்மாமனுக்கு உள்ள கட்டு. சண்முகவடிவு அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, நிறுத்துகிற எண்ணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.